வலப்பக்கமாகப் போகிற நிழல்

கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கிற தெருக்கள் கடற்கரை ஊர்கள் எல்லாவற்றிலும் உண்டு. தூத்துக்குடியில் உப்புக் கிட்டங்கித் தெரு அப்படி ஒரு தெரு. கிழக்குப் பக்கம் முழுக்க, கடல் கண்ணில் படாதபடி, உப்பை அடைத்துவைக்கிற கிட்டங்கிகளின் வெள்ளைச் சுவர் ஒன்றோடொன்று தோள் ஒட்டி ஓட, மேற்குப் பக்கம் தணிந்த வீடுகளும் ஓர் எடைமேடையும் மெற்றில்டாவின் சாப்பாட்டுக் கடையும் இருக்க, நடுவில் லாரிகளும், லாரிகளுக்கு இடையில் உப்பு மூட்டைகளும், மூட்டைகளுக்கு இடையில் ஆட்களும், ஆட்களுக்கு இடையில் வசவுகளுமாக விடிந்ததிலிருந்து பொழுது அடைகிறவரை இரைந்துகொண்டே இருக்கிற அந்தத் தெருவில், ஒரு பங்குனி மாதத்து மத்தியானம், மின்சாரம் போய்த் திரும்பி வந்த கையோடு, மெற்றில்டாவின் தம்பி சவேரியான் மாடியில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்த கம்ப்யூட்டர் விளையாட்டிலிருந்து அதன் ஒரே ஓர் ஆள் வெளியே இறங்கி, எதிர்ச் சுவரில் ஏறி, வலப்பக்கமாக நடக்கத் தொடங்கியது.

ஆள் என்றால் முழங்கை உயரம். முகம் கிடையாது, உடுப்பு கிடையாது, அச்சாக ஒரு சின்னப் பிள்ளையின் நிழல். நிழலுக்குச் சொந்தக்காரப் பிள்ளை மட்டும் தெருவில் எங்கேயும் இல்லை. முதலில் பார்த்தவள் மெற்றில்டா. சாளைமீன் குழம்புச் சட்டியை இறக்கிவைக்கப் போனவள், சுவரில் ஓணான் போகிறது என்றுதான் நினைத்தாள். ஓணான் இரண்டு காலில் நடக்காது என்பது பிறகுதான் உறைத்தது. உறைத்த பிறகும் அவள் சட்டியைக் கீழே போட்டுவிடவில்லை. லோடுமேன்மார் இலையைப் போட்டுவிட்டுப் பசியோடு காத்திருந்தார்கள்.

சவேரி மாடிப்படியில் செருப்பில்லாமல் இறங்கி வந்தான். முகம் வெளுத்திருந்தது.

“அக்கா, திரையில அதைக் காணும். ஊரு மட்டுந்தான் கிடக்கு.”

“அந்தா போவுது பாரு,” என்று அவள் கரண்டியால் காட்டினாள்.

அக்காவும் தம்பியும் நல்லபடியாகப் பேசிக்கொண்டு அன்றைக்கு மாதக்கணக்கில் ஆகியிருந்தது. அம்மா செத்தபோது மெற்றில்டாவுக்குக் கலியாண வயது, சவேரிக்குப் பால்பல் விழுகிற வயது. அப்பா தோணியில் மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் சரக்கு ஏற்றிப்போகிற மனிதர், கரையில் இருந்த நாளைவிடத் தண்ணீரில் இருந்த நாள் அதிகம், கடைசியில் ஒரு காய்ச்சலில் அவரும் போய்விட்டார். கலியாணத்தைத் தள்ளிப்போட்டு, தள்ளிப்போட்டதை மறந்தும்போய், அடுப்படியில் நின்றே அவள் தம்பியைப் படிக்கவைத்தாள். அவன் பெங்களூருக்குப் போனான். அங்கே ஒரு கம்பெனியில், கலர் கலரான மணிகள் மூன்று சேர்ந்தால் வெடித்துக் காசு கொட்டுகிற விளையாட்டுகளுக்கு வேலை பார்த்தான். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பையோடு வந்து மாடியறைக்குப் போனவன்தான். சோற்றுத்தட்டு மேலே போய்ப் பாதிச்சோற்றோடு கீழே வரும். தம்பி என்ன பண்ணுதான் என்று யாராவது கேட்டால், கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிவிட்டு அவள் ரசவாளியைத் தேடுவாள். அன்று காலையில்தான், தெரிந்தவர் வழியாகக் கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் அவனுக்கு ஒரு வேலைக்குச் சொல்லிவைத்துவிட்டு வந்து, படியடியில் நின்று மேலே பார்த்துக் கத்தியிருந்தாள். “நாளைக்கே போய்ப் பாரு.” “இது முடியட்டும்க்கா.” “எப்பம் முடியும்?”

இப்போது இரண்டு பேரும் கடைவாசலில் பக்கத்தில் பக்கத்தில் நின்று சுவரைப் பார்த்தார்கள்.

மேற்கிலிருந்து அடிக்கிற வெயிலில் நின்றுகொண்டிருந்த ஒரு லாரியின் நிழல் சுவரில் பெரிய பெட்டிபோல விழுந்திருந்தது. சின்னது அந்த நிழலின்மேல் தொற்றி ஏறி, அதன் விளிம்பில் நின்று, அடுத்த பக்கம் எட்டிப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து டிரைவர் லாரியை எடுத்தான். காலடி போய்விட்டது. விழுந்த இடத்தில், தண்ணீரில் உப்பு கரைகிற மாதிரிக் கரைந்துபோய்விட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை வாயருகே நின்றது. யாரும் மூச்சுவிடும் முன்னே, முதலில் அது நின்ற இடத்திலேயே மறுபடி தோன்றி, ஒன்றும் நடக்காததுபோல நடந்து வந்து, லாரி நின்ற இடத்தின் எதிரில் நின்றது. அங்கே சுவரில் மழைநீர்க் குழாய் ஒன்று குறுக்கே முட்டிக்கொண்டு நின்றது, தாண்ட முடியாது. அது தாவிப் பார்த்தது. விழுந்தது. கரைந்தது. வந்தது. மறுபடி தாவியது.

லோடுமேன் மாடக்கண்ணு எச்சில் கையோடு எழுந்தார். ஆறடி ஆள், வாயைத் திறந்தால் மூன்றாவது கிட்டங்கிவரை கேட்கும். அவர் ஒன்றும் பேசாமல் போய், மூட்டை இறக்குகிற பலகையை எடுத்து, நடுத்தெருவில் நின்று, வெயிலுக்குக் குறுக்கே சாய்த்துப் பிடித்தார். பலகையின் நிழல் குழாய்க்கு மேலே ஒரு சரிவாக விழுந்தது. சின்னது அந்தச் சரிவைப் பார்த்தது. ஒரு காலை வைத்துப் பார்த்தது. பிறகு ஏறி, நடந்து, குழாயைத் தாண்டி, அந்தப் பக்கம் குதித்துப் போய்க்கொண்டே இருந்தது.

மாடக்கண்ணு பலகையை இறக்கினார். அவர் முகத்தில் வந்த சிரிப்பை அந்தத் தெரு அதற்குமுன் பார்த்ததில்லை. “போயிட்டுல்லா,” என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. “நம்ம பலகையிலதான் போச்சு.”

அவ்வளவுதான். அந்த நிமிஷமே தெருவை அது பிடித்துக்கொண்டது.

மறுநாள் மத்தியானம் சுவரில் வெயில் இறங்குவதற்குள் ஆட்கள் ஆளுக்கொரு சாமானோடு நின்றார்கள். சைக்கிள் வந்தது, ஏணி வந்தது, கருவாடு காயப்போடுகிற தட்டி வந்தது, மெற்றில்டாவின் பெஞ்சுகள் வந்தன, இட்லிக்கொப்பரை வந்தது. எதை எப்படிச் சாய்த்துப் பிடித்தால் எவ்வளவு பெரிய நிழல் விழும் என்பதைத் தெரு கைப்பழக்கமாகக் கற்றுக்கொண்டது. படுக்கையாகப் பிடித்தால் படிக்கட்டு, நிமிர்த்திப் பிடித்தால் மலை. எடைமேடை ரகுமத்துல்லா, லாரிகள் எங்கே நிற்கலாம் எங்கே நிற்கக்கூடாது என்று சுண்ணாம்பில் கோடு போட்டார். வடக்கேயிருந்து வருகிற டிரைவர்களும் முதலில் திட்டிவிட்டு, ஏன் என்று தெரிந்த பிறகு, வண்டியை அணைத்துவிட்டு இறங்கி, கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். போலீஸ்காரர் ஒருவர் வந்தார், கூட்டம் எதற்கு என்று கேட்டார், கேட்டுக்கொண்டே தொப்பியைக் கழற்றி நீட்டினார். தொப்பியின் நிழல் ஒரு மேடையாகச் சரியாகப் பொருந்திவிட்டதில், அன்று முழுக்க அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

சத்தம் போட்டால் சின்னது நின்றுவிடும் என்பதை இரண்டாம் நாளே கண்டுகொண்டார்கள். “இந்தப் பக்கம், இந்தப் பக்கம்” என்றோ “தாவு, தாவு” என்றோ யாராவது கத்தினால் அது இருக்கிற இடத்திலேயே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். சத்தம் ஓய்ந்து, தெருவில் காகம் கத்துவது கேட்கிற அளவுக்கு அமைதி வந்த பிறகுதான் எழுந்திருக்கும். ஆகவே ஊரிலேயே அதிகச் சத்தமுள்ள தெரு, மூன்று மணி வெயிலிலிருந்து மேற்கு வீடுகளின் நிழல் சுவரில் ஏறி அதை மூடுகிறவரை, வாயைத் திறக்காமல் இருக்கப் பழகியது. மௌனத்தில்தான் எத்தனை சத்தம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. உப்பை மண்வெட்டியால் அள்ளுகிறபோது அலை வந்து திரும்புகிற மாதிரி ஒரு ஓசை வரும் என்பதும், சுவருக்கு அந்தப் பக்கம் கடல் இத்தனை வருஷமாகப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறது என்பதும் அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே புதுச்சேதியாக இருந்தது.

விழுகிற விஷயம்தான் ஆட்களை ரொம்பத் தொட்டது. சின்னது ஓயாமல் விழுந்தது. பிடித்தவன் கை நடுங்கினால் விழும், காற்றில் தட்டி ஆடினால் விழும், மேகம் வந்து வெயிலை மறைத்தால் அத்தனை படிக்கட்டும் ஒரே நொடியில் இல்லாமல்போய் விழும். முதலில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். போகப்போக, விழுவதும் அதன் நடையில் ஒரு பகுதிதான் என்று ஆகிவிட்டது. அது யாரையும் நொந்துகொள்ளவில்லை. விழவைத்தவனைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. வந்து நின்று, மறுபடி ஒரு காலை நீட்டியது. மூட்டை அடுக்கிலிருந்து தவறி விழுந்ததிலிருந்து வேலைக்கே வராமல் வெட்கப்பட்டு வீட்டில் இருந்த ஒரு லோடுமேன், ஒருநாள் காலையில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வந்து வரிசையில் நின்றான். அவனிடமும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மெற்றில்டா வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னது நடக்கும்போது இடதுகையைக் கொஞ்சம் பின்னால் நீட்டி வைத்துக்கொண்டே நடந்தது. தாவும்போதுகூட அந்தக் கை பின்னாலேயே இருந்தது. அவளுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒருநாள் காலையில், உலைவைத்துவிட்டு, அவள் மாடியேறிப் போனாள். தட்டு கொடுக்க அல்லாமல் அந்த அறைக்குள் அவள் நுழைந்ததே இல்லை.

“எய்யா, இதை எனக்குக் காட்டு.”

“என்னத்தைக்கா?”

“நீ செஞ்ச விளையாட்டை.”

“அதான் அது வெளியே போயிட்டே. வெறும் ஊருதான் இருக்கு.”

“ஊரைக் காட்டு.”

அவன் எழுந்து நாற்காலியை விட்டுக் கொடுத்தான். ஹெட்போனை அவள் காதில் மாட்டிவிட்டு, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டினான். திரையில் மூடுபனி. கறுப்பு, வெள்ளை, இரண்டுக்கும் நடுவில் எத்தனை சாம்பல் உண்டோ அத்தனை சாம்பல். எழுத்து ஒன்றுகூட இல்லை. மார்க்கு இல்லை, காசு இல்லை, வெடிக்கிற மணி இல்லை. பொத்தானை அழுத்தினால் பனி நகர்ந்து, உள்ளேயிருந்து மெதுவாக ஒரு சுவர் வந்தது, சுவரில் ஒரு குழாய், ஓர் இரும்புக்கதவு, தூரத்தில் பாய்மரம் மாதிரி எதுவோ. காதில் ஓர் ஓசை ஏறி இறங்கியது. அது உப்பை அள்ளுகிற சத்தம், மெதுவாக்கப்பட்டது. அதற்கடியில் அவள் கடையின் அடுப்பு இரைகிற சத்தமும் இருந்தது. அவள் போய்க்கொண்டே இருந்தாள். ஆளில்லாத அந்த ஊரில் எதுவும் நடக்கவில்லை, ஆனால் அடுத்த சுவரில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கையை எடுக்க முடியவில்லை. பயமாக இருந்தது, பயத்துக்குள்ளேயே ஓர் ஆறுதலும் இருந்தது. அம்மா செத்த வருஷத்துக் கார்த்திகை மாதம் முழுக்க அவளுக்குள் இருந்த அதே மூட்டம், இப்போது வெளியே இருந்தது, பார்க்கக்கூடியதாக, உள்ளே நடந்து போகக்கூடியதாக. உலை பொங்குகிற வாசனை கீழேயிருந்து வந்தபோதுதான் ஹெட்போனைக் கழற்றினாள்.

“இது நம்ம தெருல்லா.”

“ஆமா.”

“அது என்னத்துக்குலே கையைப் பின்னால வச்சிக்கிட்டே நடக்குது?”

சவேரி ஜன்னல் பக்கம் பார்த்தான்.

“பின்னால ஒருத்தன் வாறாம்லா. அவனைப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போவுது.”

“யாரையும் காணுமே.”

“அவனை வரையல. விளையாடுறவன்தான் அவன். பொத்தானை நாமதான் அழுத்துறோம், நாமதான் அதைக் கூட்டிட்டுப் போறோம்னு நினைப்போம். கொஞ்ச தூரம் போன பொறவு தெரியும், அதுதான் நம்மளைக் கூட்டிட்டுப் போவுதுன்னு.” ஜன்னலுக்கு வெளியே சுவரைக் காட்டினான். “அம்மா போன பொறவு, அப்பாவோட தோணி வருதான்னு பாக்க, என்னையக் கையைப் பிடிச்சி இந்தச் சுவரு ஓரமாவே கூட்டிட்டுப் போவியே. ஒண்ணும் பேச மாட்டே. நான் கால் வலிக்குதுன்னு சொன்னாலும் திரும்பிப் பாக்க மாட்டே. கை மட்டும் பின்னால இருக்கும்.”

மெற்றில்டா ஹெட்போனை மேசையில் வைத்தாள். உலையைப் பார்க்கப் போகிறேன் என்று எழுந்தவள், போகாமல், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“கடைசியில அது எங்க போய்ச் சேருது?” என்று கேட்டாள்.

“அதுதான்க்கா தெரியல. கடல் வரைக்கும் வரைஞ்சிட்டேன். அதுக்கப்புறம் சுவரு இல்ல. கொண்டுபோய் எதுல விடுறதுன்னே தெரியல. வீட்டுல விட்டுப் பாத்தேன், பொய்யா இருந்துச்சி. அம்மா வந்து நிக்கிற மாதிரி வரைஞ்சேன், அதைவிடப் பொய்யா இருந்துச்சி. எல்லாத்தையும் அழிச்சிட்டு ஏஜெண்ட் ஆபீசுக்கே போயிரலாம்னு அன்னைக்கி உக்காந்திருந்தேன். அப்பத்தான் கரண்டு போச்சு.”

அன்று அவன் கீழே வந்து, லோடுமேன்மாரோடு பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டான். மெற்றில்டா இலையைப் பார்க்காத மாதிரிப் பார்த்தாள். சோறு மிச்சமில்லை.

இதற்குள் சின்னது தனுஷ்கோடி அண்ணாச்சியின் கிட்டங்கிச் சுவருக்கு வந்து சேர்ந்திருந்தது. தெருவிலேயே நீளமான சுவர் அதுதான், நடுவில் ஓர் இரட்டை இரும்புக்கதவு. அண்ணாச்சியின் வீடு நேர் எதிரே. அந்த வீட்டு ஜன்னலோரம் அவர் மனைவி சுயம்புக்கனி கட்டிலில் கிடந்தாள். இடுப்புக்குக் கீழே விளங்காமல்போய் ரொம்ப நாள் ஆகிவிட்டது. பேச்சும் அதோடு சுருங்கி, தண்ணி, வெளிச்சம், போதும் என்ற மூன்று வார்த்தைகளில் வந்து நின்றுவிட்டது. சின்னது அந்தச் சுவருக்கு வந்த அன்று, அது போலீஸ்காரர் தொப்பியிலிருந்து இட்லிக்கொப்பரைக்குத் தாவியதைப் பார்த்து அவள் சிரித்தாள். அண்ணாச்சி உள்ளறையில் கணக்குப் பிள்ளையிடம் பேசிக்கொண்டிருந்தவர், அந்தச் சிரிப்பைக் கேட்டு, யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்க ஓடிவந்தார்.

மறுநாளிலிருந்து அவர் கிட்டங்கியின் இரும்புக்கதவு இரண்டையும் விரியத் திறந்துபோட்டு, மூடக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். திறந்த வாசலில் சுவர் ஏது. சுவரில்லாத இடத்தில் நிழல் எதன்மேல் விழும்? சின்னது வாசல் விளிம்புவரை வந்து நின்றது. பலகையை நீட்டிப் பார்த்தார்கள், பாயை நீட்டிப் பார்த்தார்கள், எல்லா நிழலும் வாசலுக்குள் விழுந்து உப்புக்குவியலில் காணாமல்போனது. சின்னது தாவித்தாவி விழுந்துவிட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது. அடுத்த நாளும் உட்கார்ந்திருந்தது. அதற்கடுத்த நாளும்.

மாடக்கண்ணுதான் கேட்கப் போனார். கூடவே சவேரியும் மெற்றில்டாவும் போனார்கள்.

“அண்ணாச்சி, கதவைச் சாத்தச் சொல்லுங்க. அது போவட்டும்.”

அண்ணாச்சி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மாடக்கண்ணுவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“எங்க போவணும்?” என்று சவேரியைப் பார்த்துக் கேட்டார். “நீதானப்பா செஞ்சவன். போற இடத்துல என்ன இருக்கு, சொல்லு. நல்ல இடம்னா நானே சாத்துதேன்.”

“தெரியாது அண்ணாச்சி.”

“தெரியாத இடத்துக்கு எதுக்குப் போவணும்? இங்க இருக்கட்டுமே. இங்க அதைப் பாக்க ஆள் இருக்கு.” அவர் குரல் தாழ்ந்தது. “அவ சிரிச்சா, கேட்டியளா? நான் கேட்டேன்.”

மூன்று பேரும் ஜன்னலோரக் கட்டிலைப் பார்த்தார்கள். திரும்பி வந்தார்கள். தெரு இரண்டுபட்டது, அண்ணாச்சி செய்வது தப்பு என்றவர்களும், ஒரு நோயாளிப் பெண்ணின் சிரிப்பைவிட ஒரு நிழலின் நடை பெரிதா என்றவர்களும் பேச ஆரம்பித்து, பேச்சு சத்தமாகி, அந்தத் தெரு தன் பழைய இரைச்சலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. சத்தம் கூடக்கூடச் சின்னதும் வெளிறிக்கொண்டே வந்தது.

முடித்துவைத்தவள் சுயம்புக்கனி. ஒரு மத்தியானம் அண்ணாச்சி கஞ்சி கொண்டுவந்தபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூன்று வார்த்தைகளுக்கு மேல் பேசினாள்.

“கதவைச் சாத்துங்க.”

“காத்து வேண்டாமா?”

“அந்தக் கதவை.” ஜன்னலுக்கு வெளியே கண்ணால் காட்டினாள். “அது நடக்கையிலதான் சிரிச்சேன். உக்காந்திருக்கிறதை நான் என்னத்துக்குப் பாக்கணும்? உக்காந்திருக்கிறது எனக்குத் தெரியாதா?”

அண்ணாச்சி கஞ்சிக் கிண்ணத்தை ஜன்னல் திண்டில் வைத்தார். பிறகு இறங்கிப்போய், யாரையும் கூப்பிடாமல், தாமே இரும்புக்கதவு ஒவ்வொன்றாகத் தள்ளிச் சாத்தினார். துருப்பிடித்த கீல் தெருமுழுக்கக் கேட்கும்படி கத்தியது. மூடிய கதவு சுவராகிவிட்டது. ஆனால் சுவரைவிடக் கதவு உள்ளடங்கி இருந்ததால் ஒரு படி தேவைப்பட்டது. மாடக்கண்ணு பலகையைத் தேடினார். அதற்குள், என்னையக் கீழே கொண்டுபோங்க என்று சுயம்புக்கனி கேட்க, நான்கு பேர் அவளைச் சாய்வு நாற்காலியோடு தூக்கிவந்து நடுத்தெருவில் வைத்தார்கள். அவளுடைய நிழல் கதவின்மேல் விழுந்தது: நாற்காலி, அதில் ஒரு மடி, மடிக்குமேல் நீட்டிய இரண்டு கைகள். சின்னது எழுந்தது. அவள் மடியில் கால்வைத்து ஏறி, கைகளின்மேல் நடந்து, விரல்நுனியில் ஒரு கணம் நின்று, அந்தப் பக்கம் குதித்தது.

சுயம்புக்கனி சிரிக்கவில்லை. கைகளை இறக்காமல் ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தாள். “கனமே இல்ல,” என்றாள் அண்ணாச்சியிடம்.

அதன் பிறகு சுவர் மளமளவென்று தீர்ந்தது. தெற்கே தெரு முடிகிற இடத்தில் பழைய படகுத்துறை. கடைசிக் கிட்டங்கியின் மூலைக்கு அப்பால் வெறும் தண்ணீர். சின்னது அந்த மூலைக்கு வந்து நின்ற நாளில் கடைகளை அடைத்துவிட்டுத் தெரு முழுக்க அங்கே வந்து நின்றது. எல்லோரும் சவேரியைப் பார்த்தார்கள். சவேரி தண்ணீரைப் பார்த்தான். மெற்றில்டா தம்பியைப் பார்த்தாள்.

சின்னது மூலையில் நின்று ஒரு காலை நீட்டியது. தாவியது. இல்லாத சுவரில் கரைந்து, திரும்பி வந்து, மறுபடி தாவியது.

“லே, போதும், நிறுத்தச் சொல்லு,” என்றார் மாடக்கண்ணு.

“அது நான் சொன்னா கேக்காது அண்ணே,” என்றான் சவேரி.

துறையில் ஒரு தோணி கட்டிக்கிடந்தது. வெங்காயமும் கூரை ஓடும் செங்கலும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் புறப்பட நின்ற தோணி. அதன் தலைவர் ரொசாரி தண்டல், மெற்றில்டாவின் அப்பாவோடு ஒருகாலத்தில் கடலோடியவர். இப்போது எஞ்சின் இருந்தாலும் நல்ல காற்றுக்குப் பாயும் ஏற்றுவார்கள். மெற்றில்டா சுவரைப் பார்த்தாள், தோணியைப் பார்த்தாள், இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு துறைப்படியில் இறங்கினாள்.

“அண்ணே, பாயை ஏத்துங்க.”

“காத்து இப்பம் எதிர்த்தாப்புல அடிக்கி, மெற்றில்டா. இப்பம் ஏத்துனா—”

“ஏத்துங்கண்ணே. ஒரு சுவரு வேணும்.”

தண்டல் அவளைப் பார்த்தார், மூலையில் விழுந்து எழுந்துகொண்டிருந்ததைப் பார்த்தார், ஆட்களுக்குக் கைகாட்டினார். வெள்ளைப் பாய் கடகடவென்று மேலேறி, சாயங்கால வெயிலை முழுக்க வாங்கிக்கொண்டு நின்றது. ஆனால் சுவருக்கும் பாய்க்கும் நடுவே இடைவெளி இருந்தது. மாடக்கண்ணு இடுப்பு வேட்டியை அவிழ்த்து, உள்ளே போட்டிருந்த டவுசரோடு நின்று, வேட்டியின் ஒரு முனையைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தார். அதைப் பார்த்து மற்ற வேட்டிகள் அவிழ்ந்தன. வீடுகளிலிருந்து படுக்கை விரிப்புகள் வந்தன. மாதா கோயிலிலிருந்து பீடத்துணி வந்தது, ரகுமத்துல்லாவின் வீட்டிலிருந்து வெள்ளைத் துப்பட்டி வந்தது, சுயம்புக்கனியின் கட்டில் துணியை அண்ணாச்சியே தோளில் போட்டுக்கொண்டு வந்தார். துறைப்படியிலும், முழங்கால் தண்ணீரிலும், கட்டிக்கிடந்த வள்ளங்களிலும் நின்று, துணியோடு துணியாகப் பிடித்து, தெருவே ஒரு சுவரானது.

சின்னது வேட்டியில் கால்வைத்தது. துணி காற்றில் புடைத்தது, விழுந்தது. வந்தது. மறுபடி. யாரும் பேசவில்லை. கைகள் கடுத்தன, யாரும் இறக்கவில்லை. துணிகளைத் தாண்டித்தாண்டி அது கடைசி விரிப்புக்கு வந்தது. அந்த முனையைப் பிடித்துக்கொண்டு சவேரி வள்ளத்தில் நின்றான், வெயில் முதுகில் அடிக்க. அவன் நிழலும் அதே துணியில், சின்னதுக்கு ஒட்டினாற்போலப் பின்னால் விழுந்திருந்தது. பாய் காற்றில் விலகி விலகி வந்தது. சின்னது தயங்கி நின்றது; அதன் இடதுகை பின்னால் நீண்டிருந்தது.

சவேரி ஒரு கையை விடுத்து நீட்டினான். துணியில் அவன் கையின் நிழல் அந்தச் சின்னக் கையைத் தொட்டது. பிடித்துக்கொண்டது. இரண்டு நிழலும் ஒன்றாக ஓர் அடி முன்னால் வைத்ததைத் தெரு பார்த்தது. பாய் பக்கத்தில் வந்த நேரம் சவேரி தன் கையைத் திறந்தான். சின்னது தாவியது.

பாயின் நடுவில், வெள்ளையில் ஒரு கறுப்புப் புள்ளியாக, அது விழாமல் நின்றது.

தோணி புறப்பட்டபோதும் யாரும் கைதட்டவில்லை; தட்டினால் அது உட்கார்ந்துவிடுமே என்ற பயம். கண்ணுக்கெட்டும்வரை பார்த்துவிட்டு, நனைந்த துணிகளைப் பிழிந்து, யாருடைய வேட்டி யாருடையது என்று தேடிக்கொண்டு வீடு திரும்பினார்கள். சவேரி அக்காவுக்குப் பக்கத்தில் நடந்தான். “முடிவே வரையலக்கா,” என்றான். “இருக்கட்டும்லே,” என்றாள் அவள். மறுநாள் அவன் ஏஜெண்ட் ஆபீசுக்குப் போய், வர முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்து, மாடியில் உட்கார்ந்து கடலை வரைய ஆரம்பித்தான்.

தெரு தன் வேலைக்குத் திரும்பியது. லாரிகள் வந்தன, வசவுகளும் வந்தன. மூன்று மணிக்குமட்டும் யாரும் சொல்லாமலே எல்லோரும் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

பிறகு ஒரு காலையில், மெற்றில்டா வெங்காயம் அரிந்துகொண்டிருக்கும்போது, கடைப் போன் அடித்தது. மாலத்தீவிலிருந்து ரொசாரி தண்டல். இரைச்சலுக்கு நடுவே கத்திப் பேசினார்.

“வந்து சேந்துட்டோம் மெற்றில்டா! உங்க ஆளு பாயிலேயே இருந்துச்சி வழியெல்லாம். இங்க துறையில கட்டுனதும் எறங்கிட்டு. மீன் மார்க்கெட்டுச் சுவருல ஏறிட்டு.”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். “ஏறி?”

“ஒரு ஏ.சி. பெட்டி துருத்திக்கிட்டு நிக்கி. தாண்ட முடியல. விழுந்து விழுந்து எந்திரிக்கி.”

“அப்புறம்ண்ணே? அங்க யாரும் பாக்கலியா?”

தண்டல் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார் போல. போனில் காற்றும் யாரோ தெரியாத பாஷையில் கூப்பிடுகிற சத்தமும் கேட்டன. பிறகு அதுவும் நின்று, மார்க்கெட்டே அடங்கினதுபோல ஓர் அமைதி வந்தது. தண்டல் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இரு,” என்றார். “ஒரு பொம்பளை நாக்காலியைத் தூக்கிட்டு ஓடி வாறா.”